"மூலத்துல அப்படி இல்லையே!"

நீளமான த்ரெட். சாப்பிட்டுட்டு நிதானமா படிங்க. வழக்கமா நான் எழுதற சர்க்கரை, பிரஷர், தைராய்டு எதுவும் இன்னைக்கு இல்லை. இன்னைக்கு கதைப் புத்தகம்.

நம்ம வாசிப்புக் குழுக்கள் எதை வேணா எடுத்துக்கோங்க, வாட்ஸ்அப், ஃபேஸ்புக், டெலிகிராம், எல்லாத்துலயும் ஒரு வாக்கியம் சுத்திக்கிட்டே இருக்கு. யாராவது ராமாயணத்தையோ மகாபாரதத்தையோ புதுசா சொல்ற ஒரு நாவலைப் படிச்சுட்டு, "இந்த இடம் என்னை என்னமோ பண்ணிடுச்சு"ன்னு நாலு வரி எழுதுவாங்க. அடுத்த நிமிஷம் ஒருத்தர் வந்து நிப்பார். "மூலத்துல அப்படி இல்லையே."

(மூலம்னு சொன்னா எனக்குத் தொழில் காரணமா முதல்ல ஞாபகம் வர்றது வேற. அதுக்காவது வெந்நீர்ல உக்காரச் சொல்லலாம், நார்ச்சத்து சாப்பிடச் சொல்லலாம். இதுக்கு என்ன எழுதிக் குடுக்கிறதுன்னு தெரியல.)

நான் சொல்ல வர்றதை நேராவே சொல்லிடறேன். அந்த வாக்கியம் பார்க்க அறிவு மாதிரி இருக்கு, ஆனா செய்யற வேலை கதவைச் சாத்தற வேலை. அதைச் சொல்றவங்கள்ல பெரும்பாலானவங்க மூலத்தைப் படிச்சவங்க இல்லை. படிச்சிருந்தாலும், ஒரு வாசகர் "எனக்கு இப்படிப் பட்டுச்சு"ன்னு சொல்லும்போது அது பதிலே இல்லை.

சும்மா பொதுவா பேசினா யாருக்கும் உறைக்காது. அதனால ஒரு சம்பவம்.

எனக்குத் தெரிஞ்ச ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தங்க. லேபர் வார்டுல பதினாலு வருஷம். அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன், ஊர் பேர் எதுவும் வேண்டாம். வேலைக்குப் போக வர பஸ்ல ரெண்டு மணி நேரம். அந்த ரெண்டு மணி நேரத்துல படிக்க ஆரம்பிச்சவங்க. மகாபாரத நாவல் ஒண்ணு முடிச்சுட்டு, தான் இருந்த ஒரு குழுவுல முதல் தடவையா எழுதினாங்க. அவங்க எழுதினதோட சாரம் இதுதான்: குந்தி பெட்டியை ஆத்துல விடற இடம் வந்ததும் புத்தகத்தை மூடிட்டேன். கல்யாணமாகாத பொண்ணு, அரண்மனைக்குள்ளயே, யாருக்கும் தெரியாம பெத்திருக்கா. அப்போ பிரசவம் பார்த்தது யாரு? தொப்புள்கொடியை அறுத்தது யாரு? அவ கடைசி வரைக்கும் வாயைத் திறக்கலையே, அவளைப் பத்தி ஏன் ஒருத்தரும் எழுதல?

லேபர் வார்டுல ஒரு மாசம் நின்னவங்களுக்குக்கூட இந்தக் கேள்வி எங்கிருந்து வருதுன்னு தெரியும். ராத்திரி ரெண்டு மணிக்கு "வயித்து வலி"ன்னு ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வருவாங்க. துப்பட்டாவை இழுத்து இழுத்து மூடிக்கும். கை வெச்சுப் பார்த்தா வலி அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்துட்டிருக்கும். அந்தம்மா வாசல்ல நின்னு சிஸ்டர் கையைப் பிடிச்சுக்கிட்டு, "யாருக்கும் தெரிய வேணாம் தாயி"ன்னு அழும். பொண்ணுக்கு வயசு பதினெட்டுக்குக் கீழன்னா சட்டப்படி தகவல் குடுத்தே ஆகணும், அதுவும் சிஸ்டருக்குத் தெரியும். அந்தக் கை பிடிச்சதும் தெரியும். இப்படி எத்தனை ராத்திரி பார்த்திருப்பாங்க அவங்க. அந்த நாலு வரியில அத்தனை ராத்திரியும் இருந்துச்சு.

பதினோரு நிமிஷத்துல முதல் பதில். "முதல்ல வியாசரைப் படிச்சுட்டு வாங்க மேடம். கர்ணன் சூரியனோட வரத்துல வந்த குழந்தை. மூலத்துல மருத்துவச்சியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நவீன நாவல் படிச்சா இப்படித்தான் புத்தி போகும்." அதுக்குக் கீழ நாப்பது பேர் கட்டை விரல். இன்னொருத்தர், தெய்வக் கதையில தொப்புள்கொடி தேடறாங்கன்னு சிரிப்பு பொம்மை போட்டார். சாயங்காலத்துக்குள்ள அவங்க பதிவை அழிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் எழுதல. எழுதாதது மட்டுமில்ல. "இப்ப பஸ்ல ரீல்ஸ்தான் சார் பாக்குறேன்"ன்னாங்க.

இப்ப மூலத்துக்கு வருவோம். வியாச பாரதம், வன பருவம், அதுக்குள்ள குண்டலாஹரண பருவம்னு ஒரு உட்பிரிவு. கர்ணன் பிறந்த கதை அங்கதான் விரிவா வருது. குந்தி கர்ப்பத்தை மறைச்சு வைக்கிறா. ஒரு செவிலியைத் தவிர வேற எந்தப் பெண்ணுக்கும் அது தெரியாது. உரிய காலத்துல குழந்தை பிறக்குது. கவசமும் குண்டலமும் இருக்கு, மறுக்கல. பிறந்ததும் குந்தி அந்தச் செவிலிகிட்டதான் கலந்து பேசறா. பெட்டி தயாராகுது, தண்ணி புகாம மெழுகு பூசறாங்க. நடுராத்திரியில செவிலியோட போய் அசுவ நதியில விடறா. பெட்டி சர்மண்வதி, யமுனை, கங்கைன்னு மிதந்து சம்பாபுரி போய்ச் சேருது.

கவனிச்சீங்களா? மூலத்துல செவிலி இருக்கா. ரகசியம் தெரிஞ்ச ஒரே ஆள் அவதான். கூட யோசனை பண்ணதும் அவதான், நடுராத்திரி கூடப் போனதும் அவதான். வியாசர் அவளுக்குப் பேர் குடுக்கல, அவ்வளவுதான்.

அதாவது, "மூலத்தைப் படிச்சுட்டு வா"ன்னவருக்கு மூலத்துல இருந்தது தெரியல. மூலத்தைப் படிக்காத அந்த நர்ஸ், தன் தொழில் குடுத்த ஒரே ஒரு கேள்வியை வெச்சுக்கிட்டு நேரா மூலத்துக்குள்ள, மத்தவங்க கண்ணுக்குப் படாத ஒரு ஆள் முன்னாடி போய் நின்னிருக்காங்க. ஒரு நல்ல குழுவா இருந்திருந்தா அன்னைக்கு ராத்திரி அங்க திருவிழாவே நடந்திருக்கணும். நடந்தது என்ன? கட்டை விரல் நாப்பது.

இந்த "மூலம்" ஆட்கள்கிட்ட ஒரு சின்ன பரிசோதனை பண்ணிப் பாருங்க. துரியோதனன் மனைவியோட கர்ணன் விளையாடறப்போ அவ மேகலை முத்து சிதறுதே, துரியோதனன் பெருந்தன்மையா நிக்கிறானே, அது வியாசர்ல எங்க வருதுன்னு கேளுங்க. சாகற நேரத்துல கிருஷ்ணன் அந்தணர் வேஷத்துல வந்து கர்ணனோட புண்ணியத்தை எல்லாம் தானமா வாங்கறானே, அது எங்கன்னு கேளுங்க. ரெண்டுமே வியாசர்ல இல்லை. நமக்கு அது வில்லிபுத்தூரார் குடுத்தது. அங்கிருந்து 1964-ல பந்துலு எடுத்த 'கர்ணன்' படத்துக்கு வந்து, சிவாஜி முகத்தோட நம்ம தலைக்குள்ள குடியேறிடுச்சு. நம்மள்ல பாதிப் பேருக்கு மூலம்னா சிவாஜிதான். அதுல எந்தத் தப்பும் இல்லை. அதை வெச்சு அடுத்தவங்க வாயை மூடறதுதான் தப்பு.

லட்சுமணன் கோடு? வால்மீகியில இல்லை. கம்பன்லயும் இல்லை. ஆனா அதைத் தாண்டினதால சீதை பட்ட கஷ்டத்தைச் சொல்லி எத்தனை வீட்டுல பொண்ணுங்களுக்குப் புத்திமதி சொல்லியிருக்காங்க. அப்போ எல்லாம் யாரும் "மூலத்துல இல்லையே"ன்னு எழுந்து நின்னதா எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு பொண்ணு கேள்வி கேட்கும்போது மட்டும் மூலம் ஞாபகம் வருது பாருங்க, அந்த நேரத்தைக் கவனிங்க. எந்த நேரத்துல வலி வருதுங்கறதுதான் பாதி டயக்னோசிஸ்.

கம்பனையே எடுத்துக்குவோம். வால்மீகியில ராவணன் சீதையைக் கையால பிடிச்சுத் தூக்கறான். கம்பனுக்கு அது தாங்கல. பர்ணசாலையோட நிலத்தையே பெயர்த்து எடுக்க வெச்சுட்டார், விரல் படாம. வால்மீகியில அகலிகை யார் கண்ணுக்கும் தெரியாம, காற்றை மட்டும் உண்டு, சாம்பல்ல கிடக்கிறா. கம்பன்ல கல்லாகிறா. இதெல்லாம் என்ன? ஒரு பெரிய வாசகர் ஒரு பெரிய கதையைப் படிச்சுட்டு, எங்க எங்க மனசு ஒப்பலையோ, எங்க எங்க மனசு பொங்குச்சோ, அதை எழுதினது. அதிலயும் இரணியன் வதைப் படலம்னு ஒண்ணு முழுசா இருக்கு, வால்மீகியில கிடையவே கிடையாது.

ஸ்ரீரங்கத்துல ஒரு ஐதீகம் உண்டு. கம்பன் அங்க அரங்கேற்றம் பண்றப்போ இந்த இரணியன் வதையைச் சொல்லி, இது வால்மீகியில இல்லையே, எப்படி ஏத்துக்கிறதுன்னு பண்டிதர்கள் ஆட்சேபம் பண்ணினாங்களாம். எதிர்ல இருந்த மேட்டழகிய சிங்கர், நரசிம்மரே, தலையை ஆட்டி அங்கீகாரம் பண்ணிட்டாராம். தாயார் சன்னதிக்கு எதிர்ல கம்பர் மண்டபம்னு இப்பவும் காட்டுவாங்க. வரலாறா இல்லையாங்கற விசாரணை எனக்கு வேண்டாம். "மூலத்துல இல்லையே"ங்கற கமெண்ட் அந்தக் காலத்துலயே இருந்திருக்கு, அதுக்கு என்ன மரியாதை கிடைச்சதுன்னு நம்ம ஆளுங்களே ஒரு கதையா சேர்த்து வெச்சிருக்காங்க. எனக்கு அது போதும்.

அப்புறம் புதுமைப்பித்தன். 1943-ல 'சாப விமோசனம்' எழுதறார். சீதையை ராமன் தீக்குளிக்கச் சொன்னான்னு கேட்டதும் அகலிகை திரும்பவும் கல்லாயிடறா. கதைக்கு முன்னாடியே, ராமாயணம் தெரிஞ்சவங்களுக்கு இது பிடிபடாம, பிடிக்காமகூடப் போகலாம், அதைப் பத்தி எனக்குக் கவலையில்லைன்னு ஒரு குறிப்பு வெச்சுட்டுத்தான் ஆரம்பிக்கிறார். வரப்போற கமெண்ட் பாக்ஸ் அந்த மனுஷனுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு.

இது நம்ம ஊர் வியாதி மட்டும்னு நினைக்காதீங்க. கிரேக்கக் கதை ரீடெல்லிங் படிக்கிற குழுக்கள்லயும் இதே கூத்துதான். மேடலைன் மில்லரோட 'அகிலிஸின் பாடல்' 2011-ல வந்தது. "ஹோமர்ல அகிலிஸும் பேட்ரோக்ளஸும் காதலர்கள்னு இல்லையே"ன்னு இன்னைக்கு வரைக்கும் சண்டை. இந்தச் சண்டை பிளேட்டோவோட 'சிம்போசியம்' நூல்லயே இருக்கு. அதுல ஒரு ஆள், எஸ்கிலஸ் தன் நாடகத்துல யாரு காதலன், யாரு காதலிக்கப்பட்டவன்னு மாத்தி எழுதிட்டார்னு குறைபட்டுக்கிறான். ரெண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல பழைய கமெண்ட் சண்டை.

இன்னொண்ணு, இது எங்க தொழில் சம்பந்தப்பட்டது. குதிகாலுக்கு மேல கயிறு மாதிரி ஓடற தசைநாண், அதுக்கு அகிலிஸ் டெண்டன்னு பேர். அவனை அவங்கம்மா குதிகாலைப் பிடிச்சு ஸ்டிக்ஸ் நதியில முக்கினாங்க, பிடிச்ச இடம் மட்டும் நனையல, அங்கதான் உயிர்நிலைன்னு கதை. ஹோமரோட 'இலியட்'ல இந்தக் கதை இல்லை. இப்ப நம்ம கையில இருக்கிற நூல்கள்ல அது முதன்முதல்ல வர்றது பல நூற்றாண்டு கழிச்சு, கி.பி. முதல் நூற்றாண்டுல ஸ்டேஷியஸ்ங்கற ரோமானியக் கவிஞர் எழுதினதுல. மூலத்துல இல்லாத ஒரு ரீடெல்லிங்தான் நம்ம எல்லார் கால்லயும் ஒட்டிக்கிட்டிருக்கு. தினம் நடக்கிறோம்.

சரி, நான் ஏன் டாக்டரா இதுல இவ்வளவு கோபப்படறேன்?

1984-ல பெக்மன், ஃபிராங்கெல்னு ரெண்டு பேர் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. நோயாளி வாயைத் திறந்து தன் பிரச்சினையைச் சொல்ல ஆரம்பிச்சா, டாக்டர் சராசரியா எத்தனை விநாடியில குறுக்க பேசறார்னு கணக்கு எடுத்தாங்க. 18 விநாடி. அவங்க பார்த்த 74 சந்திப்புகள்ல நாலுல ஒரு பங்குக்கும் கம்மியான நோயாளிகள்தான் சொல்ல வந்ததை முடிச்சாங்க. குறுக்க பேசப்பட்டவங்கள்ல அனேகம் பேர் விட்ட இடத்துலேர்ந்து திரும்ப ஆரம்பிக்கவே இல்லை. இதை ஒவ்வொரு வருஷமும் எங்க ஹவுஸ் சர்ஜன் பசங்களுக்குச் சொல்லுவேன். ஏன்னா முக்கியமான விஷயம் முதல்ல வராது. "கால் வலி டாக்டர்"ன்னு வந்த ஆள், எழுந்து கதவுல கை வெச்ச பிறகு திரும்பி, "அப்புறம் ஒண்ணு... படி ஏறினா நெஞ்சைப் பிடிக்குது"ம்பார். கால் வலியிலயே நீங்க அவரை மட்டம் தட்டி அனுப்பியிருந்தா அந்தக் கதவு திரும்பாது.

கேஸ் ஷீட்ல முதல் கட்டம் என்ன தெரியுமா? நோயாளி சொல்றதை, நோயாளியோட வார்த்தையிலயே எழுதணும். "நெஞ்சுல அம்மிக்கல்லை வெச்ச மாதிரி"ன்னு சொன்னா அதையே எழுதணும். என் படிப்பைக் காட்டற இடம் அது இல்லை. அந்தக் கட்டத்துல என் இங்கிலீஷ் பேரை எழுதின நிமிஷம், நான் கேட்கிறதை நிறுத்திட்டேன்னு அர்த்தம். 1968-ல மார்கோ மெக்காஃபெரி வலியைப் பத்திச் சொன்னது இன்னும் வலி மருத்துவத்துக்கு அஸ்திவாரம். வலிங்கறது அதை அனுபவிக்கிற ஆள் எதை வலின்னு சொல்றாரோ அதுதான், அவர் எப்போ இருக்குன்னு சொல்றாரோ அப்போ அது இருக்கு. மெக்காஃபெரி டாக்டர் இல்லை, நர்ஸ்.

ஸ்கேன் நார்மல், அதனால உங்களுக்கு வலி இல்லைன்னு சொல்ற டாக்டரை நீங்க எவ்வளவு திட்டுவீங்க? திட்டணும். "மூலத்துல இல்லை, அதனால உனக்கு அப்படித் தோணக்கூடாது"ங்கறதும் அதே வாக்கியம்தான்.

இப்ப கமெண்ட்ல ஒருத்தர் வருவார், தெரியும். "அப்போ யார் வேணா என்ன வேணா சொல்லலாமா டாக்டர்? உண்மைன்னு ஒண்ணு கிடையாதா?"

கிடையாதுன்னு யார் சொன்னது? எங்க தொழில்ல சிம்ப்டம்னு ஒண்ணு இருக்கு, சைன்னு ஒண்ணு இருக்கு. தமிழ்ல ரெண்டுக்கும் அறிகுறின்னே சொல்லிடறோம், அதுதான் குழப்பம். சிம்ப்டம் நோயாளி உணர்றது. சைன் நாங்க தொட்டு, தட்டி, கேட்டுக் கண்டுபிடிக்கிறது. "வியாசர்ல செவிலி கிடையாது"ங்கறது சைன் பத்தின பேச்சு. அதைச் சரிபார்க்கலாம், தப்புன்னா தப்புன்னு முகத்துக்கு நேரா சொல்லலாம், பருவம், அத்தியாயம் கேட்கலாம். செ. அருட்செல்வப்பேரரசன் கங்குலியோட ஆங்கில மொழிபெயர்ப்பை மொத்தமா தமிழுக்குக் கொண்டுவந்து இணையத்துல இலவசமா வெச்சிருக்கார், போய்ப் பார்க்க அஞ்சு நிமிஷம். "அந்த இடத்துல புத்தகத்தை மூடிட்டேன்"ங்கறது சிம்ப்டம். அதைச் சரிபார்க்கிறதுக்கு ஒண்ணும் இல்லை. மேல கேள்விதான் கேட்கலாம்.

இதே அளவுகோலை எதிர்ப் பக்கமும் வைக்கிறேன், அவங்களும் வாங்கிக்கணும். புத்தகத்தை காபி டம்ளர் பக்கத்துல வெச்சு படம் எடுத்து, "செம", "கூஸ்பம்ப்ஸ்", "அஞ்சுக்கு அஞ்சு"ன்னு போடறீங்களே, அது சிம்ப்டமும் இல்லை. "உடம்பு சரியில்லை டாக்டர்"ன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கிற ஆளை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? எங்க, எப்போ, எந்த மாதிரின்னு சொல்லணும். இன்னொரு கூட்டம், இதுவரை யாரும் சொல்லாத உண்மை மகாபாரதம்னு பின்னட்டையில இருக்கிறதை நம்பி, அதையே வரலாறுன்னு அடிச்சுப் பேசும். 2019-ல இந்திய அறிவியல் மாநாட்டு மேடையிலயே ஒரு துணைவேந்தர், நூறு கௌரவர்களும் ஸ்டெம் செல், டெஸ்ட் ட்யூப் தொழில்நுட்பத்துல பிறந்தாங்கன்னு பேசினாரே, ஞாபகம் இருக்கா? ஆதி பருவத்துல அந்த இடத்தைப் படிங்க. ரெண்டு வருஷமா வயித்துல சுமந்துக்கிட்டிருக்கிறா காந்தாரி. குந்திக்குப் பிள்ளை பிறந்துடுச்சுன்னு சேதி வருது. தன் வயித்துலயே அடிச்சுக்கிறா. இரும்பு உருண்டை மாதிரி ஒரு சதைப் பிண்டம் விழுது. நெய்க் குடமெல்லாம் அதுக்கு அப்புறம். அந்த இடத்துல ஒரு ஆளுக்கு ஆய்வகம் தெரியுது, வயித்துல அடிச்சுக்கிட்ட பொம்பளை தெரியல. குழந்தை தங்காத எத்தனை பேர் என் முன்னாடி உக்காந்து, நாத்தனாருக்கு வளைகாப்புன்னு சொல்லும்போது குரல் உடைஞ்சிருக்கு. எனக்குக் காந்தாரி அவங்கதான். இது என் ரியாக்‌ஷன். வரலாறுன்னு நான் சொல்லல, அறிவியல்னும் சொல்லல.

ஃபேண்டஸி ஆட்கள் சிரிக்க வேண்டாம், உங்க ஊர்லயும் மூலம் உண்டு. அதுக்குப் பேர் லோர். என்னோட படிச்ச மயக்கவியல் டாக்டர் ஒருத்தர், டோல்கீன் பைத்தியம். 2021 மே மாசம் ஐசியுல இருந்தவர். ஒவ்வொரு மே மாசமும் அவருக்குத் தூக்கம் போயிடும். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கடைசியில ஃப்ரோடோ வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகும், கத்திக் குத்து வாங்கின அந்த அக்டோபர் 6 வந்தா உடம்பு முடியாம போகுதே, மார்ச் 13 வந்தா படுத்துக்கிறானே, அதைப் படிச்சப்போதான் எனக்கு என்ன ஆகுதுன்னு புரிஞ்சதுன்னு எழுதினார். மனநல மருத்துவத்துல இதுக்கு ஆண்டு நினைவு எதிர்வினைன்னு தனிப் பேரே இருக்கு. டோல்கீன் 1916-ல சோம் போர்க்களத்துல இருந்து, பதுங்குகுழிக் காய்ச்சலோட திரும்பினவர். அவருக்குத் தெரியாததா.

வந்த பதில்? "அக்டோபர் 6 மோர்குல் கத்தி, மார்ச் 13 ஷெலாப் சிலந்தி. ரெண்டும் வேற வேற விஷம். கலக்காதீங்க ப்ரோ." ஒரு மனுஷன் மே மாசத்துல தூக்கம் வரலைன்னு சொல்றான்யா!

லோர் போலீஸுக்கு ஒரு தகவல். 'தி ஹாபிட்' 1937-ல வந்தப்போ, கோலம் விடுகதைப் பந்தயத்துக்குப் பரிசா மோதிரத்தைத் தானே குடுக்கறதா ஒத்துக்கும், அது தொலைஞ்சு போனதும் மன்னிப்பு கேட்டுட்டு வழி காட்டிட்டுப் போகும். பெரிய நாவலுக்கு அது ஒத்துவரலைன்னதும் 1951 பதிப்புல டோல்கீன் அந்த அத்தியாயத்தையே மாத்திட்டார். பழைய வடிவம் பில்போ சொன்ன பொய்னு கதைக்குள்ளயே கணக்கும் காட்டிட்டார். இப்ப மூலம் எது, சொல்லுங்க பார்ப்போம்.

அடுத்த ஆட்சேபம் கொஞ்சம் மரியாதையா எடுத்துக்க வேண்டியது. "இது எங்களுக்குக் கதை இல்லை, சாமி. கண்டபடி பேசினா மனசு புண்படும்." நியாயம். நானும் கும்பிடறவன்தான். ஆனா திரௌபதி அம்மன் கோயில் திருவிழா பார்த்திருக்கீங்களா? விழுப்புரம், திருவண்ணாமலை, செங்கல்பட்டுப் பக்கமெல்லாம் நடக்கும். பகல்ல பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. துகிலுரியற ராத்திரியில பார்க்கிறவங்க மேல சாமி வரும். அர்ஜுனன் தபசு மரம் ஏறி மேலேர்ந்து போடற எலுமிச்சம்பழத்துக்குப் பிள்ளை இல்லாத பெண்கள் கீழ காத்திருப்பாங்க. அதுல சிலரை அடுத்த வாரம் நான் ஓபியிலயும் பார்த்திருக்கேன். கடைசி நாள் படுகளத்துல மண்ணால செஞ்ச துரியோதனனை உடைச்ச பிறகுதான் அம்மன் கூந்தல் முடிவா. இதைவிட சத்தமான, உடம்பெல்லாம் உள்ள ரியாக்‌ஷன் வேற எங்க இருக்கு? பக்தி இருக்கிற இடத்துல எதிர்வினை அடக்கமா இருந்ததே இல்லை. அங்க யாரும் நடுவுல எழுந்து, அத்தியாயம் எண் சொல்லுன்னு கேட்கறதும் இல்லை.

படிச்சவங்க வழி வேணும்னா அதுவும் நம்மகிட்டயே இருக்கு. 1939-ல காரைக்குடியில சா. கணேசன் கம்பன் விழாவை ஆரம்பிச்சு வெச்சார். அந்த மரபுல வளர்ந்த மேடைகள்ல கும்பகர்ணன் பெரியவனா, வீடணன் பெரியவனான்னு எத்தனை ராத்திரி விடிஞ்சிருக்கு. ரெண்டு பேரும் ஒரே நூலைப் படிச்சவங்கதான், ரெண்டு பேருக்கும் ரெண்டு விதமா பட்டிருக்கு. ஜெயமோகன் 'வெண்முரசு' எழுதினப்போ, 2014-லேர்ந்து 2020 வரைக்கும் 26 நாவல்கள், தினம் ஒரு அத்தியாயம் இணையத்துல, வாசகர்கள் கடிதம் எழுதிக்கிட்டே கூட வந்தாங்க. எனக்கு அதுல ஒப்பாத இடங்கள் நிறைய உண்டு, அது வேற த்ரெட். அந்தக் கடிதங்கள்ல பலதுல ஆள் இருந்தாங்க, தங்கள் அப்பாவைப் பத்தி, பிரிஞ்சுபோன அண்ணனைப் பத்திப் பேசிக்கிட்டே கதையைப் பத்திப் பேசினாங்க. அதைத்தான் சொல்றேன்.

எல்லாத்துக்கும் மேல நம்ம வேதாளம். அம்புலிமாமாவுல படிச்சிருப்பீங்க. கதை சொல்லி முடிச்சதும் வேதாளம் என்ன கேட்கும்? "இந்தக் கதையோட மூலம் எது"ன்னா கேட்கும்? யார் செஞ்சது சரி, யாருக்கு அவ சேரணும், ஏன்னு கேட்கும். பதில் தெரிஞ்சும் பேசாம இருந்தா தலை சுக்குநூறாகும். விக்கிரமாதித்தனும் ஒவ்வொரு தடவையும் காரணத்தோட பதில் சொல்லுவான், "அஞ்சுக்கு நாலு ஸ்டார்"னு சொன்னதில்லை. பதில் சொன்னா வேதாளம் திரும்ப மரம் ஏறிக்கும், நஷ்டம்தான், தெரிஞ்சே சொல்லுவான். நம்ம குழுக்கள்ல இதைத் தலைகீழா ஆக்கி வெச்சிருக்கோம். வாயைத் திறந்தவங்க தலைதான் வெடிக்குது.

குழு நடத்தற அட்மின்களுக்கு ஒரு வேண்டுகோள். புதுசா ஒருத்தர் எழுதினா, முதல் பதில் கேள்வியா இருக்கட்டும்னு ஒரு மாசம் மட்டும் விதி வெச்சுப் பாருங்க. எந்த இடத்துல நிறுத்தினீங்க? ஏன் அந்த இடம்? நாங்க "எங்க வலிக்குது, எப்பலேர்ந்து"ன்னு கேட்கிற மாதிரி. மூலம் தெரிஞ்சவங்க தாராளமா வாங்க, உங்களை மாதிரி ஆள் இல்லாம முடியாது. ஆனா கையில அதை எடுத்துக்கிட்டு வாங்க. "அம்மா, நீங்க கேட்ட செவிலி வன பருவத்துல இருக்கா, இந்தாங்க, இந்த அத்தியாயம்"ன்னு ஒருத்தர், ஒரே ஒருத்தர், அன்னைக்குச் சொல்லியிருந்தா அந்த பஸ்ல இப்ப வன பருவம் ஓடிக்கிட்டிருக்கும்.

அந்த அத்தியாயத்தை நான் அனுப்பிட்டேன். படிச்சுட்டாங்களான்னு கேட்கல, கேட்டா ஹோம்வொர்க் மாதிரி ஆயிடும்.

இன்னைக்கு நைட் டூட்டி, கமெண்ட்டெல்லாம் காலையிலதான் பார்ப்பேன். குந்தியோட செவிலியை வெச்சு யாராவது எழுதின கதை, நாவல், நாடகம் தமிழ்ல இருந்தா பேரைப் போடுங்க. கூடவே நீங்க எந்த இடத்துல படிக்கிறதை நிறுத்தினீங்கன்னும் எழுதுங்க. ஸ்டார் வேண்டாம்.